ஐல் ராயல் என்னும் நன்னீர்த் தீவு

ஆற்றின் நடுவே நீர் சூழக் கிடக்கும் நிலத்தை நம் முன்னோர் அரங்கம் என்றும், துருத்தி என்றும், ஆற்றிடைக்குறை என்றும் வழங்கினர். காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து தழுவி நிற்கும் திருவரங்கம் அப்பெயர் எய்தியதும் இதனாலேயே. ஏரியின் நடுவே 45 மைல் நீளமும் 9 மைல் அகலமும் உடைய ஒரு தீவு கிடக்குமாயின் அதற்கு அவர் என்ன பெயர் இட்டிருப்பரோ, அறியோம். அத்தகைய தீவு ஒன்று உளது. யாம் அதனை நேரிற் கண்டிலோம். நூல்களின் வாயிலாகவே அறிந்தோம். அதனை அடைதற்குரிய வழிகளுள் இரண்டு: கோடையிற் படகு, குளிர்காலத்திற் பனிக்கட்டி. முன்னது மக்களுக்கு, பின்னது விலங்குகளுக்கு. இவ்விரு வழிகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் கனடாவிற்கும் இடையே சுப்பீரியர் என்னும் ஏரி உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுரக் கிலோமீட்டர். இலங்கை முழுவதையும் எடுத்து அதனுள் இட்டாலும் சுற்றிலும் நீர் எஞ்சும். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். புயல், பேரலை, மூடுபனி, கலங்கரை விளக்கம், உடைந்த கப்பல் எனக் கடலுக்குரியன யாவும் அதற்கும் உள. உப்பு ஒன்றே இல்லை. அவ்வேரியின் வடமேற்கே ஐல் ராயல் கிடக்கின்றது. 'அரசத் தீவு' என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். ஒஜிப்வே மக்கள் அதனை மினோங் என்பர். ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முன்னரே மக்கள் அங்குச் சென்று பாறையை உடைத்துச் செம்பு எடுத்தனர் என்பதற்கு அவர் தோண்டிய குழிகளே சான்று. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையரும் சுரங்கம் அகழ்ந்து, ஊதியம் போதாமையாற் கைவிட்டனர். 1940ஆம் ஆண்டில் தீவு தேசியப் பூங்காவாயிற்று.

ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் முடியவே அங்குச் செல்லலாம். நவம்பர் முதல் நாள் பூங்கா அடைக்கப்படும். மிச்சிகன் மாகாணத்து ஹௌட்டன் என்னும் ஊரிலிருந்து நாம் புறப்படுவதாகக் கொள்வோம். முதலில் இருகரையும் அருகே தோன்றக் கால்வாய் வழியே கப்பல் மெல்லச் செல்லும். ஏரியினுட் புகுந்தபின் அலை தன் வேலையைத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். ஜூன் மாதமே ஆயினும் மேல்தளத்தில் நிற்போர் கம்பளிச் சட்டையை இறுக்கிக்கொள்வர். சித்திரை வெயிலிற் பிறந்து வளர்ந்த நமக்கு அதனைக் கோடை என்று சொல்ல நா எழாது. மினசோட்டாக் கரையிலிருந்து செல்லும் வழி இதனிற் குறுகியது. அவ்வழியிற் சென்று வாஷிங்டன் துறையை அணுகுவோர், 1928இல் பாறையில் மோதி மூழ்கிய 'அமெரிக்கா' என்னும் கப்பலின் முன்புறம் நீர்மட்டத்திற்குச் சில அடி கீழே கிடப்பதைக் காணலாம். அதிற் சென்ற மக்கள் அனைவரும் பிழைத்தனர். கட்டிவைத்திருந்த நாய் ஒன்றே மாண்டது.

தீவிற் சாலையில்லை, மிதிவண்டியும் ஆகாது. மூட்டையைத் தோளிற் சுமந்து காட்டுப் பாதையில் நடத்தல் வேண்டும். கொசுக்கள் துணைக்கு வரும். தீவினுள்ளே சிஸ்கிவிட் என்றோர் ஏரியும், அவ்வேரியினுள்ளே ரையன் என்றோர் சிறு தீவும் உள. ஏரிக்குள் தீவு, தீவிற்குள் ஏரி, அவ்வேரிக்குள் தீவு. இயற்கையும் அந்தாதி பாட வல்லது போலும்! இத்துணை நன்னீர் சூழ்ந்திருந்தும் அள்ளிய நீரை அப்படியே குடித்தல் ஆகாது. ஓநாய், மூஸ் என்னும் இரு விலங்குகளின் உடலிலும் மாறி மாறி வாழும் நாடாப்புழுவின் முட்டைகள் அந்நீரிற் கலந்திருக்கக்கூடும். ஆதலின் வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிப்பர்.

மூஸ் என்பது நம் காட்டுக் கடமானினும் மிகப் பெரிய மான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தீவை அடைந்தது. நீந்தி வந்திருக்கலாம் என்பர். அஞ்சுதற்குப் பகையின்மையின் பல்கிப் பெருகித் தழையெல்லாம் தின்று தீர்த்துப் பட்டினியால் மடிந்தது. 1940களின் இறுதியில், ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில், எதிர்க்கரையிலிருந்து சில ஓநாய்கள் பனிக்கட்டியின்மீது நடந்து வந்து சேர்ந்தன. 1958இல் டர்வர்ட் ஆலன் என்னும் பேராசிரியர் இவ்விரு விலங்குகளையும் ஆராயத் தொடங்கினார். தலைமுறை பல கடந்து நீண்ட ஆராய்ச்சி அது.

1980இல் ஓநாய்கள் 50 இருந்தன. இரண்டே ஆண்டில் 14 ஆயின. நாய்களுக்கு வரும் பார்வோ என்னும் கொள்ளைநோயே காரணம். தீவிற்கு நாயைக் கொண்டுவருதல் விலக்கப்பட்டிருந்தும், தம் நாயைப் பிரிய மாட்டாத யாரோ ஒருவர் படகிற் கொண்டுவந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றனர். கோடைப் படகு கொணர்ந்தது நோய். குளிர்காலப் பனிக்கட்டியோ 1997இல் ஓர் ஆண் ஓநாயைப் புதிதாகக் கொணர்ந்தது. அதனாற் குலம் சில காலம் புத்துயிர் பெற்றது. பின்னர் உலகம் வெப்பமுற, ஏரி உறைதல் அரிதாயிற்று, வழி அடைபட்டது. நெருங்கிய உறவினுள்ளேயே கலந்தமையால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் பிறந்தன. 2012இல் மூன்று ஓநாய்கள், முன்னர்க் கூறிய பழஞ்சுரங்கக் குழி ஒன்றில் வீழ்ந்து இறந்து கிடக்கக் காணப்பட்டன. 2016இல் எஞ்சியவை இரண்டே. அவையும் தந்தையும் மகளும். மூஸ்களோ 2019க்குள் 2,000 அளவிற்குப் பெருகிக் காட்டை மொட்டையடிக்கலாயின.

இயற்கையை அதன் போக்கில் விடுக என்றனர் ஒருசாரார். புதிய ஓநாய்களைக் கொணர்க என்றனர் மற்றொரு சாரார். யாம் பின்னவர் பக்கமே. நோயைக் கொணர்ந்ததும் சுரங்கம் தோண்டியதும் உலகின் வெப்பத்தை மிகுவித்ததும் மக்களாயிருக்க, இறுதியில் மட்டும் கைகட்டி நிற்பதை இயற்கைக்குக் காட்டும் மதிப்பென்று கொள்ள எம்மால் இயலவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றுட் சில மிச்சிப்பிக்கோட்டன் என்னும் மற்றொரு தீவில் இரையின்றி மெலிந்திருந்தவை. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐல் ராயலில் ஓநாய் ஏறத்தாழ 30. மூஸ் ஏறத்தாழ 840.

முதலிற் கொணர்ந்தவற்றுள் மினசோட்டாவைச் சார்ந்த பெண் ஓநாய் ஒன்று இருந்தது. 2019 ஜனவரி இறுதியில், கடுங்குளிரால் அரிதாக ஒரு பனிப்பாலம் அமைந்தது. அவ்வோநாய் அதன்மீது நடந்து, தான் பிறந்த கரைக்கே திரும்பிச் சென்றுவிட்டது.