என்ஜின் கல்லு மாதிரி இருந்தால் போதுமா?

மோட்டார் சைக்கிள் என்றாலே ஆண்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பெட்ரோல் போடுவது, பஞ்சர் ஒட்டுவது, பட்டறையில் விடுவது எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் அந்த வண்டியின் பின்சீட்டில், மடியில் ஒரு குழந்தை, கையில் ஒரு பை என்று உட்கார்ந்து போகிறவர்கள் யார்? நாம்தானே! பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அதில்தான் போகிறது. காஸ் அடுப்பின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்கிற நாம், வண்டியில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

எங்கள் அதிராம்பட்டினத்தில் யாரிடமாவது, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் உடனே வரும் பதில், "என்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்பதுதான். அது பொய்யில்லை. 1980இல் வந்த டி.வி.எஸ். 50, 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் என்று நம் குடும்பங்களில் புழங்கிய வண்டிகள் எல்லாம் ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எளிய என்ஜின் கொண்டவை. கெட்டுப்போவதற்கு அதில் அதிக உறுப்புகள் இல்லை. வேளைக்கு ஆயில் மாற்றினால் பல வருடம் உழைக்கும். அந்த 100 சி.சி. வண்டிக்கு, "பெட்ரோலை ஊற்று, மூடியை மூடு, மறந்துவிடு" என்ற பொருளில் அந்த நாளில் விளம்பரமே செய்தார்கள்.

சிக்கல் இந்த 'மறந்துவிடு' என்பதில்தான் இருக்கிறது. என்ஜின் நன்றாக ஓடுகிறவரை வண்டியில் மற்றவை எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் பார்க்கத் தோன்றுவதில்லை.

வெளிநாட்டில் வருடா வருடம்

பிரிட்டனில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 3 வயது முடிந்துவிட்டால், அதன் பிறகு வருடம் தவறாமல் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இந்தச் சோதனை முறை 1960இலேயே தொடங்கிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரிலும் 3 வருடம் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்தரச் சோதனை உண்டு. பிரான்சு நாட்டில் 2024 ஏப்ரல் மாதம்தான் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கட்டாயம் வந்தது.

பிரிட்டிஷ் சோதனையில் தவறிப்போகும் வண்டிகள் எதனால் தவறுகின்றன தெரியுமா? முதலிடம் விளக்குகளுக்கு! முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் இவற்றில் ஏதாவது ஒன்று எரியாது, அல்லது வெளிச்சம் தப்பான இடத்தில் விழும். அதை அடுத்து பிரேக், டயர், ஹாண்டில்பார், ஷாக் அப்சார்பர் என்று வருகிறது. நாம் பெருமையடித்துக்கொள்ளும் என்ஜினுக்கு அந்தப் பட்டியலில் பெரிய இடமில்லை. நின்றுபோகிற வண்டி நம்மை வழியில் நடக்க வைக்கும், அவ்வளவுதான். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்காத வண்டிதான் ஆளைக் கவிழ்க்கும்.

நம் நாட்டில் என்ன வழக்கம்?

ஆட்டோ, பஸ், லாரி போன்ற வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு அது கிடையாது. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, புது வண்டிக்குக் கொடுக்கும் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதற்குப் பிறகுதான் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய், இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு, 5 வருடத்துக்குப் புதுப்பிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை 15 வருடத்தில் காலேஜையே முடித்துவிடும்! அத்தனை காலமும் அந்த வண்டியைச் சட்டப்படி யாரும் திருகிப் பார்ப்பதில்லை.

"ஏன்க்கா, நாங்க வருஷா வருஷம் புகை சர்டிபிகேட் எடுக்குறோமே!" என்று என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். எடுக்க வேண்டியதுதான், அது கட்டாயம். ஆனால் அங்கே சைலன்சரில் குழாயைச் செருகிப் புகையை மட்டும்தான் அளக்கிறார்கள். பிரேக்கும் டயரும் அவர்கள் வேலையில்லை. ஆகவே நடுவில் இருக்கும் 15 வருடத்துக்கும் இன்ஸ்பெக்டர் நாம்தான்.

உப்புக் காற்று செய்யும் வேலை

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பியையும் கேட்டையும் தின்கிற உப்புக் காற்று, வண்டியை மட்டும் விட்டுவைக்குமா? சக்கரத்தின் ஸ்போக் கம்பி, செயின், பிரேக் கேபிள், சைலன்சரின் அடிப்பக்கம், விளக்கின் ஒயர் முனைகள் எல்லாவற்றிலும் துரு ஏறும். ஒயர் முனையில் பச்சை பூத்துவிட்டால், பல்பு நன்றாக இருந்தாலும் எரியாது.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் மல்லிப்பட்டினம் போய்விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொழுது சாயும் நேரத்தில் வந்துகொண்டிருந்தான். குறுக்கே ஆடு வர, பிரேக் போட்டான். பின்னால் வந்த வண்டி அப்படியே மோதிவிட்டது. பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ஒன்றரை மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தான். பட்டறையில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கால் பிரேக்கை மிதித்தால் சின்ன ஸ்பிரிங் ஒன்று சுவிட்சை இழுத்து, பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்து எத்தனை நாளாயிற்றோ! ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் நின்று பார்க்கிற ஒருவர்தான் சொல்ல முடியும். அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை, வண்டியிலும் என்ஜின் கோளாறு இல்லை. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தபோது எங்கள் தெருக்கள் எல்லாம் கும்மிருட்டு. விழுந்த தென்னை மரங்களுக்கு நடுவே மருந்துக்கும் பாலுக்கும் வண்டி வெளிச்சத்தில்தான் போய் வந்தார்கள். ஒரு முன் விளக்கின் அருமை அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

என்னென்ன பார்க்கலாம்?

இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் போதும்.

விளக்கு: வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, முன் விளக்கை எரிய விடுங்கள். டிம், பிரைட் இரண்டும் மாறுகிறதா? பிறகு பின்னால் நின்றுகொண்டு, கை பிரேக்கை ஒரு முறை, கால் பிரேக்கை ஒரு முறை போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நான்கு இண்டிகேட்டரையும் ஹாரனையும் பார்த்துவிடுங்கள்.

பிரேக்: 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. நாம் சுதாரித்துக் காலை வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம்! பிரேக் வெகு ஆழம் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது என்றாலும், பிடிக்கும்போது 'கிரீச்' என்று தேய்கிற சத்தம் வந்தாலும் பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் உடனே மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியானால் ஹாண்டில்பாரில் உள்ள சின்ன டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா என்று கண்ணாடி வழியே பாருங்கள்.

டயர்: பள்ளங்களின் நடுவே சின்ன மேடு போல ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த மேடும் டயரும் ஒரே மட்டமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. அறுவடைக் காலத்தில் நம் டெல்டா ரோடுகளில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். மொழுக்கை டயர் அதில் வழுக்கும். ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் காற்று எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

செயின்: நடுவில் விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் அளவுக்கு ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் பல்லை விட்டு நழுவிச் சக்கரத்தில் சிக்கும். செயினைத் துடைக்கும்போதும் எண்ணெய் விடும்போதும் என்ஜின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஓடும் செயினில் துணி மாட்டி, கூடவே விரலும் போவது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

ஹாண்டில்பார்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தை லேசாகத் தூக்கச் சொல்லி, ஹாண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் தட்டினாலோ, 'கட கட' என்று ஆடினாலோ கோன் செட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பின்சீட்டு நம்முடையது

இதை மட்டும் எந்த ஆண்பிள்ளையும் நினைத்துப் பார்க்க மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. நாம் 'சாரி கார்டு' என்கிறோமே, அதுதான் அந்தத் தடுப்பு. வண்டியின் அழகு கெடுகிறது என்று பிள்ளைகள் அதைக் கழற்றி எறிகிறார்கள். சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ, புர்காவின் ஓரமோ ஒரு முறை ஸ்போக் கம்பியில் சுற்றினால் கழுத்தோடு இழுத்துவிடும். கார்டு இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள். கால் கட்டையின் போல்ட்டும் துருப்பிடித்து ஆடுகிறதா பாருங்கள். உங்கள் பாரம் அதில்தான் நிற்கிறது.

கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னொன்று. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பெல்ட் போட வேண்டும், அளவான ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது.

கையோடு செய்யக்கூடியவை

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் குழாயை வண்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பட்டறைக்காரர் சொல்லும் 90 நம்பர் ஆயில் விடுங்கள். ஒரு துளிகூட டயரிலோ பிரேக்கிலோ படக் கூடாது. காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற மாதிரி, ஆயில் மாற்றிய தேதி, பிரேக் ஷூ போட்ட தேதி, ஆர்.சி. முடியும் தேதி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஆர்.சி. புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே மனுக் கொடுக்கலாம்.

ஆரம்பத்தில் வீட்டில் கேலி செய்வார்கள். "நீ எப்போ பிரேக் இன்ஸ்பெக்டர் ஆனே?" என்பார்கள். சிரித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் போய் நின்னு விளக்கைப் போடுங்க" என்று சொல்லுங்கள். பல்புக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவு ஒரு வேளை மீன் வாங்கும் காசுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள், சகோதரிகளே!