நாய்க்குட்டியுடன் நீர்க்கரைக்கு: அருவிக்கரையும் தேரிக்காட்டுத் தருவைகளும்

திருவனந்தபுரம் நகருக்கு வடகிழக்கே, அகத்தியமலைத் தொடரில் தோன்றி வரும் கரமனை ஆற்றின் குறுக்கே அருவிக்கரை அணை அமைந்துள்ளது. நகர மக்கள் அருந்தும் நீரின் பெரும்பகுதி இங்கிருந்தே எடுக்கப்படுகிறது. அணையை ஒட்டி ஒரு பூங்காவும், ஆற்றங்கரையில் ஒரு பகவதி கோயிலும் உண்டு. மாலை வேளைகளில் குடும்பத்தோடு இங்கு வருவோர் பலர். அவர்களுள் சிலர் புதிதாக வளர்க்கத் தொடங்கிய நாய்க்குட்டியையும் உடன் அழைத்து வருவர்.

இதே நகரிலிருந்து தெற்கே நாகர்கோவில் சென்று, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே திரும்பினால், மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் முற்றிலும் வேறான ஒரு நிலம் எதிர்ப்படுகிறது. அது செம்மணல் மேடுகளும் பனைமரங்களும் நிறைந்த தேரிக்காடு. தமிழ்நாட்டின் பாலைவனம் என்று சொல்லத்தக்கது. அந்த மணற்பரப்பின் நடுவே, மழைக்குப்பின் சில மாதங்கள் மட்டும் நீர் நிற்கும் ஆழமற்ற பள்ளங்கள் உள்ளன. அவற்றைத் தருவை என்பர். விடுமுறைக்குத் தென்பாண்டி நாட்டிலுள்ள சொந்த ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் குட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதால், ஒரே மாதத்தில் ஒரு நாய்க்குட்டி இவ்விரு நீர்க்கரைகளையும் கண்டுவிடுவது இன்று அரிதன்று.

குட்டிக்கு இது பெரிய கல்வி. ஆனால் எந்த வயதில், எந்த வழியில், எவ்வளவு நீளக் கயிற்றில் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அதனைக் கரையில் இறக்கிவிட்டால், குட்டிக்கும் கேடு. கரையில் வாழும் உயிர்களுக்கும் கேடு.

பதினான்கு வாரக் கணக்கு

முதலில் வயதைப் பார்ப்போம். அமெரிக்காவில் மெயின் மாநிலத்து பார் ஹார்பரிலுள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சி நிலையத்தில் நாய்களின் நடத்தை பற்றி நீண்ட காலம் ஆராய்ச்சி நடைபெற்றது. அங்கு நிகழ்த்திய ஒரு பரிசோதனையை ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேலியிட்ட வயல்களில் மனிதர் கண்ணிலேயே படாமல் நாய்க்குட்டிகள் வளர்க்கப்பட்டன. சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வார காலம் மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் வயலுக்கு அனுப்பினர். பதினான்காம் வாரம் வரை அவ்வாறு எடுக்கப்படாத குட்டிகளோ, காட்டு விலங்குகளைப் போல் மனிதரைக் கண்டு மிரண்டன. பின்னர் எவ்வளவு முயன்றும் அவற்றை முழுமையாகப் பழக்க இயலவில்லை. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட நூலும் இப்பருவத்தின் முக்கியத்தை விரிவாக எடுத்துரைத்தது.

சுருங்கச் சொன்னால், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையுள்ள காலத்தில் குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிக் காண்கிறதோ, அவற்றை வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாகக் கொள்ளும். மதகில் பாயும் நீரின் ஓசை, குழந்தைகளின் கூச்சல், குடை விரிப்போர், மீன்கொத்தி எனப் பலவற்றையும் அதற்கு அறிமுகம் செய்து வைக்க ஆற்றங்கரைப் பூங்காவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

இடர்ப்பாடு என்னவெனில், குட்டியின் உடல் நோய்க்கு எளிதில் இலக்காகும் பருவமும் இதுவே. தாய்ப்பாலின் வழியே பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் சில வாரங்களில் குறைந்துவிடுகின்றன. அவை போதிய அளவு குறையாத வரையில் தடுப்பூசியும் நன்கு பயன் தருவதில்லை. அதனால்தான் ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறாம் வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. 1978-இல் முதன்முதல் இனங்காணப்பட்ட பார்வோ நோய்க் கிருமி, நோயுற்ற நாயின் மலம் விழுந்த மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. பூங்காவின் புல்தரை பார்வைக்குத் தூய்மையாயிருப்பது இதற்கு ஒரு சான்றாகாது.

ஆக, பழகும் பருவம் பதினான்காம் வாரத்தோடு மூடிவிடுகிறது. ஊசியின் காப்போ பதினாறாம் வாரத்தில்தான் நிறைவடைகிறது. இம்முரண்பாட்டைக் கண்டு குட்டியை நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்போரும் உளர். ஊசியைப் பற்றிக் கவலையே கொள்ளாது தெருவில் விடுவோரும் உளர். இரண்டும் தவறு. பத்து வாரக் குட்டியைக் கையில் ஏந்தியோ, கூடையில் வைத்தோ கொண்டு போகலாம். அது காணட்டும், கேட்கட்டும், மோந்து பார்க்கட்டும். கால் மட்டும் தரையில் பட வேண்டாம். கூடையிலிருந்து கற்கும் பாடம் குறைந்த பாடமன்று. மனிதனின் மூக்கில் மணம் உணரும் உறுப்பணுக்கள் அறுபது லட்சம் அளவில் இருக்க, நாயின் மூக்கிலோ அவை பல கோடியாகும்.

அருவிக்கரையில்

ஊசிகள் முடிந்து குட்டி தன் காலால் நடக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை வேறு. அருவிக்கரை நீர் லட்சக்கணக்கானோர் பருகும் நீர். நீர் சுத்திகரிக்கப்பட்டே குழாயில் வருகிறது என்பது உண்மையே. ஆயினும், சுத்திகரிப்பு நிலையத்தின் சுமையைக் கூட்டுவது நம் வேலையன்று. நாயின் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் இருக்கக்கூடும். ஒரு மழை போதும், அவை கரையிலிருந்து ஆற்றுக்குச் செல்ல. கையில் ஒரு காகிதப் பையுடன் செல்வது நாகரிகம் மட்டுமன்று, சுகாதாரமும் ஆகும்.

நீரில் இறங்க விடலாமா என்றால், மழைக்காலத்தில் கூடாது என்பதே விடை. கேரளத்தில் பருவமழையை ஒட்டி ஆண்டுதோறும் தலைகாட்டும் எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, எலிகளின் சிறுநீர் வழியே தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் சேர்கிறது. சிறு காயங்கள் வழியாகவும், கண், வாய் ஆகியவற்றின் மென்படலம் வழியாகவும் உடலில் புகுகிறது. நாய்க்கும் இந்நோய் வரும். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் பரவும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு. வெறுங்காலுடன் குட்டியின் பின்னே சேற்றில் ஓடும் சிறுவனுக்கோ அவ்வூசி கிடையாது என்பதை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். நாய்க்கு மனிதனைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால் ஈரம் ஆவியாகி உடல் குளிர்கிறது. திருவனந்தபுரத்தின் காற்றிலோ ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் ஆவியாதல் மெதுவாகவே நிகழும். ஆகவே வெயில் கடுமையாகத் தோன்றாத நாளிலும் குட்டி விரைவில் களைத்துப் போகும். தேரியின் வறண்ட காற்றில் நிலைமை நேர்மாறு: இரைப்பினால் உடல் நன்கு குளிரும், ஆனால் உடலின் நீர் வேகமாக வற்றும். முன்னதற்கு நிழலும் ஓய்வும் வேண்டும்; பின்னதற்குக் கையோடு குடிநீர் வேண்டும். நண்பகல் செம்மணல் குட்டியின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையை மணலில் சில விநாடி வைத்துப் பார்த்தாலே நடத்தலாமா கூடாதா என்பது விளங்கிவிடும்.

செம்மணலும் தருவையும்

தேரி எவ்வாறு உண்டாயிற்று? தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே உலர்ந்த காற்றாய்ப் பாய்கிறது. மலையடிவாரச் சமவெளியின் செம்மண்ணைத் துகள் துகளாக வாரிக்கொண்டு போய்க் கிழக்குக் கடற்கரையருகே குவித்தது இக்காற்றே. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் சிவப்பு நிறம் வந்தது. இம்மேடுகளில் கற்கால மனிதர் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. சாய்னர், ஆல்ச்சின் ஆகிய அறிஞர்கள் 1956-இல் அவை பற்றி எழுதினர். அருவிக்கரையை நனைத்த அதே காற்றுதான் தேரியை வறளச் செய்தது என்பதை மாணவருக்கு வரைபடத்தில் காட்டினால், மழைமறைவுப் பிரதேசம் என்ற பாடம் எளிதில் மனத்தில் பதியும்.

வடகிழக்குப் பருவமழையாலும், கால்வாய் வழியே வரும் உபரி நீராலும் தருவைகள் நிறைகின்றன. சாத்தான்குளத்தை அடுத்த பகுதியிலுள்ள வைரவன் தருவையும் புத்தன் தருவையும் குறிப்பிடத்தக்கவை. மழை ஓய்ந்தபின் நீர் நாள்தோறும் சுருங்கும். சுருங்கும் கரையில் வெளிப்படும் சேற்றில் புழு பூச்சிகள் மிகுதி. குளிர்கால விருந்தினராக வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் திரும்பிப் பறக்கும் முன் இவற்றைத் தின்று கொழுப்பைச் சேமிக்கின்றன. பின்னர் கோடையில், அதே கரையில் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையிலேயே முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை. ஒரு சிறு குழி, சுற்றிச் சில கூழாங்கற்கள், மண்நிறத்தில் நான்கு முட்டைகள், அவ்வளவே. மனிதன் அருகில் நின்றாலும் அவை கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. நாய்க்கோ கண் தேவையில்லை.

கயிறு அவிழ்த்துவிட்ட குட்டி விளையாட்டாகவே ஓடுகிறது. அது எதையும் கொல்ல நினைப்பதில்லை. ஆனால் தாய்ப்பறவை எழுந்து கூவிக்கொண்டு வட்டமிடும் நேரமெல்லாம் முட்டைகள் கோடை வெயிலில் கிடக்கின்றன. அடைகாத்தல் என்றால் சூடேற்றுவது என்றே பலர் எண்ணுகின்றனர். தேரியில் அது பெரும்பாலும் நிழல் தருவதாகும். வெறும் வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே கரு இறந்துபோகக் கூடும். குளிர்காலத்து உள்ளான் கூட்டத்தைத் துரத்துவதும் தீங்கற்ற விளையாட்டன்று. ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும், சேமித்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது.

கயிற்றில் பிடித்திருந்தால் போதுமா? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரை ஒட்டிய காடுகளில் பாங்க்ஸ், பிரயன்ட் என்ற இருவர் இதனைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். கயிற்றில் பிடித்த நாயோடு மனிதர் நடந்துபோன இடங்களில் பறவை வகைகள் 35 சதவீதமும், பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்து காணப்பட்டன. நாயின்றி நடந்த மனிதரால் விளைந்த கலக்கம் இதில் பாதியளவுகூட இல்லை. காட்டுக்குப் பொருந்தும் எண்கள் திறந்த சேற்றுக்கரைக்கு அப்படியே பொருந்தா. எனினும், மறைவிடமற்ற கரையில் கலக்கம் குறைவாயிருக்கும் என எண்ணவும் காரணமில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை, 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களால் தாக்கப்பட்டனவாக 80 வன உயிரினங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 31 அழிவை நோக்கிச் செல்வன.

தென்மாவட்டங்களின் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வளர்ப்போர் இங்கு கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். இவை மோப்பத்தைவிடப் பார்வையால் துரத்துபவை. வெட்டவெளியில் முயல் ஒன்று அசைந்தால் போதும், குட்டியாயினும் அழைத்த குரல் அதன் காதில் விழாது. முயலையும் உடும்பையும் நாய்விட்டு வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் கூறுவது குட்டியைத் தருவைக்கே கொண்டு போகாதிருக்க அன்று. கரைமேட்டுப் பாதையிலும் பனங்காட்டு வண்டித் தடத்திலும் குறுகிய கயிற்றில் நடத்தலாம். நீர்விளிம்பை விட்டு விலகியிருக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் தலைதூக்கிப் பார்த்தால் அதுவே எல்லை. அவ்விடத்திலேயே நிற்க வேண்டும். ஆள்காட்டி தலைக்குமேல் கூவிக்கொண்டு வந்தால், வந்த வழியே திரும்ப வேண்டும். நாங்குநேரி அருகிலுள்ள கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போல் காக்கின்றனர். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடம், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இத்தகைய சரணாலயங்களுக்குள் நாயை அழைத்துச் செல்லவே கூடாது.

குட்டி கடித்தால்

பள்ளிச் சிறுவரோடு செல்லும் ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளிப்போடலாகாது. ஆற்றங்கரையிலும் தருவைக் கரையிலும் ஆளற்ற நாய்க்குட்டிகள் திரியும். சிறுவர் அவற்றைத் தூக்குவர். குட்டி விளையாட்டாகப் பல் பதிக்கும். குட்டிதானே என்று வீட்டில் சொல்லாமல் விட்டுவிடுவர். வெறிநோய்க் கிருமிக்குக் குட்டி, பெரிய நாய் என்ற வேறுபாடு இல்லை. நோய் வெளிப்பட்டபின் மருந்தும் இல்லை. கடித்த இடம், பிறாண்டிய இடம் எதுவாயினும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் சிலரைத் தடுக்கிறது. நரம்புத் திசுவிலிருந்து செய்த அம்மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகின்றன. இப்போதைய ஊசி சில தவணைகளே; கையில் போடப்படுவது. காயத்தின் தன்மைக்கேற்ப எதிர்ப்புப் புரத மருந்தும் காயத்திலேயே செலுத்தப்பட வேண்டியிருக்கலாம். அதனை மருத்துவர் முடிவு செய்வார். வளர்ப்புக் குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஊசியும் தேவை.

வகுப்பில் செய்து பார்க்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வயலில் மேயும் மடையானை நோக்கி ஒரு மாணவன் மெதுவாக நடக்கட்டும். பறவை தலை தூக்கிய இடத்தில் ஒரு குச்சியும், பறந்த கணத்தில் தான் நின்ற இடத்தில் மற்றொரு குச்சியும் நடட்டும். பறவை நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து குறித்துக் கொள்ளட்டும். மற்றொரு நாள், கயிற்றில் பிடித்த குட்டியோடு அதே வயலில் ஒரேயொரு முறை மட்டும் இதனைச் செய்யலாம். பங்குனி முதல் ஆவணி வரை, தரையில் முட்டையிருக்கும் மாதங்களில், இப்பயிற்சியை எந்த நீர்க்கரையிலும் செய்தல் கூடாது.