டில்லி ஜும்மா பள்ளிவாசலின் படிகளில்

பழைய டில்லியைப் பார்க்கச் செல்வோர் செங்கோட்டையைக் கண்டபின், அதற்கு மேற்கே சிறிது தூரத்தில் நிற்கும் ஜும்மா பள்ளிவாசலுக்கு வருவது வழக்கம். மொகலாயப் பேரரசர் ஷாஜஹான் தாம் புதிதாக அமைத்த ஷாஜஹானாபாத் நகருக்கென 1650இல் தொடங்கி 1656இல் நிறைவுசெய்த தொழுகைத்தலம் இது. ‘மஸ்ஜிதே ஜஹான் நுமா’ என்று அவர் இதற்குப் பெயரிட்டார். உலகைக் காட்டும் பள்ளிவாசல் என்பது அதன் பொருள். பேரரசர் எந்த உலகை எண்ணினாரோ, நாம் அறியோம். அகதிகளாகிய எமக்கு இப்பள்ளிவாசல் காட்டும் உலகம் ஒன்று உண்டு.

போஜ்லா பஹாரி என்னும் சிறு குன்றின்மீது இது எழுப்பப்பட்டுள்ளதால், எத்திசையிலிருந்து வந்தாலும் படியேறியே ஆகவேண்டும். கிழக்கு வாயிலுக்கு 35 படிகள், வடக்கு வாயிலுக்கு 39, தெற்கு வாயிலுக்கு 33. கிழக்கு வாயில் முன்னர் அரசருக்குரியதாக இருந்தது. காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் ஏறத்தாழ 25,000 பேர் ஒரே வேளையில் தொழக்கூடிய முற்றமும், அதன் நடுவே தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தடாகமும் கண்ணிற் படுகின்றன. செந்நிற மணற்கற் சுவர்களுக்கு மேலே கறுப்புக் கோடுகள் ஓடும் மூன்று வெண்பளிங்குக் குவிமாடங்கள். இருபுறமும் சுமார் 40 மீற்றர் உயர்ந்த மினாராக்கள். நாம் சென்ற மாலைப்பொழுதில் புறாக்கள் முற்றத்தில் இறங்குவதும் எழுவதுமாக இருந்தன. வெளியே, படிகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்து கதைத்துக்கொண்டிருந்தனர்.

இந்த அமைதி எளிதிற் கிடைத்ததன்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கி, செப்டெம்பரில் டில்லியைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதன் குடிமக்களை நகரைவிட்டு வெளியேற்றினர். இந்துக்கள் முதலில் திரும்பிவர அனுமதிக்கப்பட்டனர். முஸ்லிம்கள் மேலும் காத்திருக்க நேர்ந்தது. பள்ளிவாசல் பறிமுதல் செய்யப்பட்டுப் படையினரின் தங்குமிடமாயிற்று. இதனை இடித்துவிட வேண்டுமென்ற யோசனையும் எழுந்தது. 1862இல்தான் நிபந்தனைகளோடு முஸ்லிம்களிடம் இது திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் பள்ளிவாசலுக்கும் கோட்டைக்கும் இடையே இருந்த குடியிருப்புகள் பல தரைமட்டமாக்கப்பட்டுவிட்டன. இன்று உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் அந்தத் திறந்தவெளியில் ஒருகாலம் அடுப்பெரிந்த வீடுகள் இருந்தன.

1919 ஏப்ரல் 4ஆம் நாள், டில்லியில் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்திற்குச் சில நாட்களின் பின், ஆரிய சமாஜத் துறவியான சுவாமி சிரத்தானந்தர் இப்பள்ளிவாசலிலே பேச அழைக்கப்பட்டார். இந்துத் துறவியின் குரலை முஸ்லிம்களும் இந்துக்களும் ஒன்றாக இருந்து கேட்டனர். முப்பதாண்டு நிறையுமுன் அந்த ஒற்றுமை சிதறிற்று.

1947இல் பிரிவினைக் கலவரம் டில்லியைச் சூழ்ந்தது. முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் அமைந்த முகாம்களிற் குவிந்தனர். சுமார் மூன்று இலட்சம் பேர் நகரைவிட்டு நீங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இப்பள்ளிவாசலில் நின்று, எஞ்சியிருந்தோரிடம் ஓடிவிட வேண்டாமென வேண்டினார். இந்நகரும் இதன் வரலாறும் உங்களுடையவை என்பதே அவர் பேச்சின் சாரம்.

மறுபுறத்தில், மேற்குப் பஞ்சாபிலிருந்து யாவற்றையும் இழந்து டில்லிக்கு வந்த இந்து, சீக்கிய அகதிகள் சுமார் ஐந்து இலட்சம் பேர். குளிர்காலத்தில் ஒதுங்க இடமின்றி, முஸ்லிம்கள் விட்டுச்சென்ற வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அவர்கள் குடிபுகுந்தனர். 1948 ஜனவரி 13ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கிய காந்தியடிகள், அப்பள்ளிவாசல்கள் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டுமென்பதையும் தம் நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தார். அவருக்கெதிராகக் கோஷங்கள் எழுந்தன. 18ஆம் நாள் பல்வேறு சமூகத் தலைவர்களும் உறுதிமொழி கொடுத்த பின்னரே அவர் நோன்பை முடித்தார். பன்னிரண்டு நாட்களின் பின் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த அகதிகளின் கோபத்தை எம்மால் விளங்கிக்கொள்ள முடியும். வீடிழந்தவனிடம் கூரையை விட்டுக்கொடு என்பது கொடுமையாகவே தோன்றும். ஆனால் துரத்தப்பட்டவன் இன்னொருவனின் வாசலை உரிமை கொண்டாடத் தொடங்கினால், துரத்தியவனின் நியாயத்தை அவனே ஏற்றுக்கொண்டவனாகிறான். தன் வீட்டுச் சாவியைக் கேட்கும் தகுதி, பிறர் சாவியைத் திருப்பிக் கொடுப்பவனுக்கே உண்டு. அகதிக்குக் கூரை தரவேண்டியது அரசின் கடன். அக்கடனை அயலவனின் தொழுகைத்தலத்தால் அடைத்தல் ஆகாது.

1958இல் மறைந்த ஆசாத்தின் சமாதி, பள்ளிவாசலுக்கும் செங்கோட்டைக்கும் இடையே அமைந்துள்ளது. போகவேண்டாம் என்று சொன்னவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் சொற் கேட்டுத் தங்கியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் வெள்ளிதோறும் அப்படிகளில் ஏறுகின்றனர்.