அலமாரியில் கிடக்கும் டெலி லென்சுகள்

தென்காசியிலோ கடையநல்லூரிலோ முப்பது நாற்பது வருடம் நடந்த போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் அலமாரியைத் திறந்து பாருங்கள். விவிடார் பிளாஷுக்குப் பக்கத்தில், மூடி தொலைந்த நீள லென்ஸ் ஒன்று பெரும்பாலும் கிடக்கும். 135 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர், இல்லையென்றால் 70-210 ஜூம். அதன் நெற்றியில் நிக்கான் என்றோ கேனன் என்றோ எழுதியிருக்காது. விவிடார், டாம்ரான், டோக்கினா, சிக்மா, சோலிகார் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. கேமரா கம்பெனியின் லென்சுக்குக் காசு போதாதவர்கள் வாங்கியது என்பதால் அன்றைக்கு அதற்கு இரண்டாம் இடம்தான். இன்று பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். போடக் கூடாது. இந்த வட்டாரத்தில் அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அன்றைக்கு இருந்ததைவிட நல்ல வேலையே இருக்கிறது.

இவை நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதையே தனி. 1991-க்கு முன் வெளிநாட்டுக் கேமரா வாங்குவது லேசான காரியமில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், சுங்க வரி ஒரு பக்கம். சென்னைக்குப் போனால் வெளிநாட்டுப் பொருள் விற்கும் பர்மா பஜார். நமக்கு இன்னொரு வழியும் இருந்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே சிங்கப்பூர் போய்ப் பிழைத்தவை. 1941-இலேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியாயிற்று. அந்நகரில் கடையநல்லூர் தெரு என்றே ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும் சபுராளிகளின், அதாவது அக்கரைக்குப் பிழைக்கப் போனவர்களின், பெட்டியில் சென்ட் பாட்டில், டார்ச் லைட்டோடு கேமராவும் வரும். அவர்கள் திரும்பிப் போகும்போது அது ஏதாவது ஒரு ஸ்டுடியோவுக்குக் கைமாறும்.

விவிடார் என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேக்ஸ் பாண்டர், ஜான் பெஸ்ட் என்ற இருவர் 1938-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. லென்ஸ் செய்யத் தனக்கென்று ஆலை வைத்துக்கொள்ளாமல், ஜப்பானிய ஆலைகளில் செய்து வாங்கித் தன் பெயரில் விற்றது. எந்த ஆலையில் பிறந்தது என்பதை லென்சின் வரிசை எண்ணே சொல்லிவிடும். 22 என்று தொடங்கினால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. புகழ்பெற்ற ‘சீரிஸ் 1’ 70-210 ஜூம் ஒரே பெயரில் இந்த மூன்று ஆலைகளிலும் அடுத்தடுத்துச் செய்யப்பட்டது. பின்னாளில் நிறுவனம் நொடித்துப்போய், 2008-இல் விவிடார் என்ற பெயர் மட்டும் வேறு கைக்குப் போயிற்று. லென்சுகள் நம் அலமாரிகளில் தங்கிவிட்டன.

டாம்ரான் 1950-இல் தொடங்கியது. கேமரா மாறினால் லென்சும் வீணாகிறதே என்ற சிக்கலை முதலில் கையில் எடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 1957-இல் டி மவுண்ட், எழுபதுகளில் அடாப்டால், 1979-இல் அடாப்டால் 2. லென்ஸ் ஒன்றே, பின்னால் மாட்டும் வளையத்தை மட்டும் மாற்றினால் நிக்கானுக்கும் பொருந்தும், பென்டாக்ஸுக்கும் பொருந்தும். சிங்கப்பூரிலிருந்து எந்தக் கேமரா வந்து சேரும் என்று தெரியாத ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி!

வாங்கியாயிற்று. படம் எடுப்பது? அங்கேதான் பாடு. 200 மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்து எடுப்பதென்றால் ஷட்டர் குறைந்தது 1/250 நொடியில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கை நடுக்கம் படத்தில் விழும். சாரல் மேகம் கவிந்த காலையில், குற்றாலத்து ஐந்தருவி மரநிழலில், 100 ஏ.எஸ்.ஏ. பிலிமைப் போட்டு எஃப் 4-இல் மீட்டரைப் பார்த்தால் 1/30 பக்கம் காட்டும். மூன்று படி குறைவு. ஸ்டாண்டு வேண்டும், அல்லது பாறை மேல் சாய வேண்டும். எதிரே இருப்பதும் அசையாமல் இருக்க வேண்டும். இது போதாதென்று, வ்யூபைண்டருக்கு நடுவே போகஸ் பார்க்க இரண்டாகப் பிளந்து தெரியும் அந்த வட்டம், எஃப் 5.6 லென்ஸ் மாட்டினால் ஒரு பாதி கறுத்துவிடும். பிம்பம் கூர்மையாக விழுந்ததா என்பதை ஓரத்து மங்கல் கண்ணாடியில் ஊகிக்க வேண்டும். ரோலில் 36 படம். சரியாக வந்ததா என்பது டார்க் ரூமில்தான் தெரியும்.

அதனால் அன்றைய டெலி லென்ஸ், நின்ற இடத்தில் நிற்பதைத்தான் பிடித்தது. 1990-இல் குடமுழுக்கு கண்ட தென்காசிக் கோபுரத்தின் மேல்நிலைச் சுதைகள். கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து மணப்பெண்ணின் முகம். கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஊர்ந்து போகும் மீட்டர் கேஜ் ரயில். 1904 முதல் ஓடிய அந்த ரயில் 2010-இல் நின்றது. 2018-இல் அகலப் பாதை வந்தது. பழைய படங்களை வைத்திருப்பவர்கள் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பறவை, விலங்கு என்று போனவர்கள் மிகச் சிலர். அவர்களில் முன்னோடி ஒருவர் நம் பக்கத்தில் பிறந்தவர் என்பது பெருமைக்குரியது. மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தார், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர், கடைசிவரை கறுப்பு வெள்ளையை விடாதவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கூட்டி, தானே கட்டிக்கொண்ட ஒரு கருவியை அவர் பயன்படுத்தினார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கண். யானைகளை அதில்தான் படம் பிடித்தார். கம்பெனிக்குக் கம்பெனி பொருந்தாது என்று விற்பவர்கள் சொன்னால் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

1985-இல் மினோல்டா ஆட்டோபோகஸ் கேமராவைக் கொண்டுவந்தது. 1987-இல் கேனன் லென்ஸ் மாட்டும் தன் மவுண்டையே மாற்றியது. பிறகு டிஜிட்டல். பழைய கேனன் லென்சுகளுக்குப் புதிய கேனனிலேயே இடமில்லை. காரணம் ஒரு சின்ன அளவு. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து பிலிம் வரை உள்ள தூரம் பழைய கேனனில் 42 மில்லிமீட்டர், புதியதில் 44. அந்த இரண்டு மில்லிமீட்டரால், நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்துக் காட்சியில் போகஸே விழாது. நிக்கான் மவுண்டு லென்சு வைத்திருந்தவர்கள் புதிய கேமராவில் மாட்டலாம் என்றாலும், விலை குறைந்த டிஜிட்டல் கேமராக்களில் மீட்டர் ஓடாது. சரி, இனி ஆகாது என்று எல்லாம் அலமாரிக்குப் போயின.

அவற்றை எழுப்பியது மிரர்லெஸ் கேமரா. 2008-இல் பானசோனிக், 2010-இல் சோனி. உள்ளே எழும்பி விழும் கண்ணாடி இல்லாததால் சோனியில் அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர், பின்னால் வந்த நிக்கான் இசட்டில் 16. இந்தப் பழைய டெலி லென்ஸ் எதுவானாலும் அதற்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். மிச்சத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடுகிறது. அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே கண்ணாடியும் இல்லை, மின்சாரமும் இல்லை. நெல்லைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் மனசு வைத்தால் கடைந்து தந்துவிடுவார்.

ஐந்தருவி மரநிழலுக்கு இப்போது திரும்பப் போகலாம். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் அன்றைய 1/30 இன்று 1/1000 ஆகிறது. வ்யூபைண்டரில் கறுக்கும் வட்டம் கிடையாது. பறவையின் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருகலாம். கூர்மையான விளிம்பில் கேமராவே நிறக் கோடு போட்டுக் காட்டும். சென்சார் அசைந்து கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதியும் பல கேமராக்களில் உண்டு. லென்சின் மில்லிமீட்டரை நாம் மெனுவில் சொல்லித் தர வேண்டும், பழைய லென்சுக்குத் தானாகச் சொல்லத் தெரியாது. அன்றைக்குச் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த அதே கண்ணாடி, எடுத்தவருக்குக் கிடைக்காத வெளிச்சத்தை இன்று பார்க்கிறது.

டாம்ரானின் எஸ்.பி. 500 மிரர் லென்சைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. உள்ளே இரண்டு கண்ணாடிகள் ஒளியை மடக்கி அனுப்புவதால் 500 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளங்கைக்குள் அடங்கும். எஃப் 8 மட்டும்தான், திறக்கவும் மூடவும் முடியாது. 1.7 மீட்டர் வரை கிட்டே போகலாம்; ஈரப் பாறையில் உட்காரும் தும்பிக்கு அது போதும். இதற்கு ஒரு குணம் உண்டு. நடுவில் சின்னக் கண்ணாடி மறைப்பதால், போகஸுக்கு வெளியே இருக்கும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் வளையமாகிவிடும். பழைய குற்றாலத்தில் எதிர்வெயிலில் தெறிக்கும் துளிகளை எடுத்தால் பின்னணி முழுக்க உளுந்த வடையாக மிதக்கும். பலருக்குப் பிடிக்காது. எனக்கு அந்தத் துளிகளுக்கு அதுவே பொருத்தம் என்று படுகிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையை எடுத்தால் விளிம்பில் ஊதா ஓடும். எதிர்வெளிச்சம் நேராகப் பட்டால் படம் வெளுக்கும். ஹூட் இல்லாமல் எடுக்கக் கூடாது. பறக்கும் பறவையை எடுக்கப் புதிய ஆட்டோபோகஸ் லென்ஸுக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த வகை 600 மில்லிமீட்டர் ஜூம்களின் விலை லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளை எங்கே போவான்?

நம் குளங்களில் வேலை வேறு மாதிரி. 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை முன்னின்று நடத்துகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளத்தில் நடுக்குளத்து மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். கூட்டுக்குப் பறவை திரும்பி வரும் கிளை ஒன்றே. அந்தக் கிளையில் போகஸை வைத்து, வளையத்தைத் தொடாமல் காத்திருந்தால் போதும், பறவை தானாகவே போகஸுக்குள் வந்து உட்காரும். கரையில் நின்று, கூட்டைக் கலைக்காமல் எடுக்க 200, 300 மில்லிமீட்டர் கையால் திருகும் லென்ஸ் தாராளம். ‘ரோஜா’ படம் பிடித்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் மாதங்களிலும் அப்படியே. செல்போனோடு செடிக்குள் இறங்கி மிதிக்கிறவர்களால் விவசாயிக்கு நஷ்டம். சாலையிலேயே நின்று டெலி லென்சில் பார்த்தால், பின்னால் எங்கோ நிற்கும் மலை பூவுக்குப் பக்கத்தில் எழுந்து வரும். செடி ஒன்றும் சாயாது.

லென்சுக்கு இந்த ஊரில் அன்றும் இன்றும் ஒரே பகை, ஈரம். ஜூனில் சாரல் இறங்கினால் தோல் பை பூஞ்சை பிடிக்கிற மாதிரி லென்சுக்குள்ளும் வெள்ளை நூல் ஓடும். அது கண்ணாடி மேல் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. அந்தக் காலத்து ஸ்டுடியோ அண்ணாச்சிமார் லென்ஸ் பெட்டிக்குள் ஜீரோ வாட் பல்பை எரியவிட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். லென்சைப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் மாற்றித் தரத் தெரிந்த கைகள்தான் குறைந்துபோயின. அந்த வேலை தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், பையன் ஒருவனை அவரிடம் அனுப்பி வையுங்கள்.

அலமாரியில் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தச் சாரலுக்கு முன் அதை வெளியே எடுங்கள். பின்பக்கத்தில் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே தூசி இருந்தால் பரவாயில்லை, நூல் நூலாக இருந்தால் அது பூஞ்சை, பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அபெர்ச்சர் வளையத்தைத் திருகி, தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் மூடித் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தால், ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் ஏதாவது ஒரு கல்லூரி மாணவருக்குக் கொடுங்கள். நிக்கானா, பென்டாக்ஸா, பழைய கேனனா, திருகு மவுண்டா என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பின்மூடியில் ஒட்டிவிட்டால், சரியான அடாப்டரை அவரே வாங்கிக்கொள்வார்.