சங்கின் சாட்சி

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள அக்காள்மடத்துக் கரையில் வலை உலர்த்தும் எவரிடமும் ஓர் ஓட்டைக் காட்டினால், அதன் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடுவார். அதே ஓட்டை அறுத்துத் தேய்த்து மணியாக்கி, இரண்டாயிரம் வருஷம் மண்ணில் புதைத்து எடுத்தால் அவராலும் சொல்லவொண்ணாது, பண்டிதராலும் சொல்லவொண்ணாது. அப்பொழுது ஊகத்தின்மீது சீட்டெழுதி வைக்க நேரிடுகிறது. ஊகம் சாட்சியமாகாது என்பதே நமது கக்ஷி.

இக்குறையைத் தீர்க்க ஒரு புதிய சாஸ்திரம் தோன்றியிருக்கிறது. ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பே. ஆயினும் அதைக் கட்டிய பிராணியின் புரதம் சிறிதளவு அதனுள் சிறைப்பட்டிருக்கும். ஓட்டில் துளி பொடி எடுத்து, மேலழுக்கைப் போக்கி, அமிலத்தில் கரைத்து, எஞ்சிய புரதத்தைத் துணுக்குகளாக்கி, அவற்றின் எடையை யந்திரத்தால் அளக்கிறார்கள். அவ்வளவும் தெரிந்த இனங்களின் புரதத்தோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. டென்மார்க், ஜெர்மனி, ருமேனியா தேசங்களில் கிடைத்த, கி.மு. 4200-க்கும் 3800-க்கும் இடைப்பட்ட இரட்டைப் பொத்தான்கள் கடற்சிப்பியால் ஆனவையல்ல, நன்னீர்ச் சிப்பியால் ஆனவை என்று 2019-ல் இம்முறையால் நிலைநாட்டப்பட்டது.

இதனால் தமிழருக்கு என்ன என்று சிலர் வினவக்கூடும். கொற்கையில் அறுத்தெறிந்த சங்குத் துண்டுகளை ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் வெளியிட்ட நூலில் விவரித்தார். 1968-69-ல் நமது தொல்பொருள் இலாகா அவ்வூரை அகழ்ந்தது. வைகை முகத்து அழகன்குளத்திலும் சங்கு வளைகள் கிடைத்துள்ளன. உள்நாட்டில் அகப்படும் தேய்ந்த மணியொன்று ஆற்றுச் சிப்பியானால் அது உள்ளூர்ப் பொருள். கடற்சங்கானால் கடற்கரையோடு நடந்த வாணிபத்துக்கு அத்தாக்ஷி. சரித்திரமே இதனால் மாறுபடும்.

நமது தேசத்து உஷ்ணத்தில் புரதம் நிலைக்குமா என்பது நியாயமான ஆக்ஷேபமே. சங்கின் ஓட்டில் முத்துச்சிப்பியைக் காட்டிலும் புரதம் குறைவு என்பதும் உண்மை. ஆனால் உஷ்ணப் பிரதேசமான டான்சானியாவின் லேடோலியில் 38 லக்ஷம் வருஷத்துத் தீக்கோழி முட்டையோட்டில் புரதம் எஞ்சியிருந்ததை 2016-ல் கண்டார்கள். முயலாமலே முடியாதென்பது நமக்கு அழகன்று. இம்முறை இனத்தைச் சொல்லுமேயன்றி, எந்தக் கரையில் எடுத்த சங்கு என்பதைச் சொல்லாது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பெருந்தடை யந்திரமன்று, ஒத்துப் பார்க்கத் தக்க சேகரம் இல்லாமையே. மன்னார்க் குடாவிலும் பாக் ஜலசந்தியிலும் வாழும் சங்கு சிப்பிகளின் புரதத்தை முதலில் படித்து வைக்க வேண்டும். 1947-ல் மண்டபத்தில் பிறந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-ல் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட போதிலும், அதன் கிளை அங்கேயே உள்ளது. அக்காள்மடத்து மீனவர்கள் பாலத்துக்கு இப்பால் இருக்கிறார்கள். ஓட்டைக் கொணர்ந்து பெயர் சொல்ல அவர்கள், படிக்கக் கிளை நிலையத்தார், பழம்பொருளைக் கொடுக்கத் தொல்பொருள் இலாகா, யந்திரம் வைத்திருக்கும் சர்வகலாசாலைகள் ஆகிய நால்வரையும் ஒருங்கு சேர்ப்பது சர்க்காரின் கடமை. நம் கடலின் சங்கை நமக்கு அடையாளங் காட்ட அன்னியர் வரவேண்டுமென்று காத்திருப்பது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்குத் தகாது.