ஆறுதல் கணக்கும் அசல் கணக்கும்

பரந்தன் - முல்லைத்தீவு ஏ-35 வீதியிலுள்ள ஊர் உடையார்கட்டு. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்ததும், கூரைத் தகரம், கதவு, நெல் மூடை, கடைச் சாமான் என ஏற்ற முடிந்ததையெல்லாம் உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு மக்கள் இவ்வீதியால் கிழக்கே நகர்ந்தனர். ஒவ்வொரு தரிப்பிலும் "இதற்கு மேல் சண்டை வராது" என்றே பலரும் நம்பினர். அம்மாதமே உடையார்கட்டை அண்டிய சுமார் 35 சதுர கிலோமீற்றர் பரப்பை அரசு பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. அதற்குள்ளும் ஷெல்கள் விழுந்ததையும், வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்ததையும் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்துள்ளது.

அம்மக்களை அறிவீனர் என்று எவரும் சொல்ல முடியாது. வேறு வழி அடைபட்டிருந்தபோது, அந்த நம்பிக்கைதான் அவர்களை நடக்க வைத்தது.

1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட எமது சமூகத்தவர் சுமார் 75,000 பேரின் கதையும் இதுதான். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று பலர் நம்பினர். புத்தளத்து முகாம்களில் அந்தச் சில நாட்கள் இருபது வருடங்களையும் தாண்டின.

வழி அடைபட்டவன் ஆறுதலைப் பற்றிக்கொள்வது இயல்பு. வழி திறந்திருக்கும்போதும் நாம் ஏன் அப்படியே செய்கிறோம் என்பதுதான் வியாபாரிகளான நாம் யோசிக்க வேண்டிய விடயம்.

2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கொம்பனி சரிந்தது. சுமார் 9,000 பேர் வைப்பிலிட்டிருந்த ஏறத்தாழ 2,600 கோடி ரூபா முடங்கியது. வங்கிகளை விடக் கூடிய வட்டி எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி எவருக்கும் எட்டாததல்ல. ஆனால் பெரிய குழுமத்தின் பெயரும், மாதம் தவறாமல் வந்த பணமும் அக்கேள்வியை அமுக்கிவிட்டன. கேள்வியைக் கேட்டால் பணத்தை மீளப் பெற வேண்டும். பெற்றால் அந்த வருமானம் நின்றுவிடும். ஆகவே கேட்காமல் இருப்பதே சுகம்.

எமது கடைகளிலும் இதுவே நடக்கிறது. "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் தந்துவிடுவார்" என்று திரும்பிய காசோலைக்காரருக்கே மீண்டும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். நட்டத்தில் ஓடும் கிளையை "பெருநாள் வந்தால் சரியாகும்" என்று இழுத்துப் பிடிக்கிறோம். இலாபம் தரும் மகிழ்ச்சியை விட அதே அளவு நட்டம் தரும் வலி பெரிது என்று கானமன், ட்வேர்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1979இல் எடுத்துக்காட்டினர். நட்டத்தை ஏற்பது வலிப்பதால் கணக்கைப் பார்ப்பதையே தள்ளிப்போடுகிறோம்.

இதற்கு மூன்று பழக்கங்கள் உதவும். எத்தனை மாத நட்டத்துடன் நிறுத்துவது, எந்தத் தொகைக்கு மேல் கடன் இல்லை என்பதைத் தொடங்கும்போதே எழுதி வையுங்கள். சிக்கல் வந்தபின் மனம் எல்லையை நகர்த்திவிடும். இரண்டாவது, வியாபாரத்தில் பங்கில்லாத ஒருவரிடம் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கைக் காட்டுங்கள். மூன்றாவது, "இன்று புதிதாக வந்தால் இதில் பணம் போடுவேனா?" என்று கேளுங்கள். இல்லை என்பது பதிலானால், உங்களை அதில் பிடித்து வைத்திருப்பது இலாபமல்ல, ஆறுதல் மட்டுமே.

நம்பிக்கை வியாபாரிக்கு வேண்டும். ஆனால் அதை வரவுப் பக்கத்தில் எழுதக் கூடாது.