குரோட்டனில் வெள்ளைப் பஞ்சு

விறாந்தையில் நிற்கும் குரோட்டன் சாடியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல ஏதும் தெரிகிறதா? அது தூசி அல்ல, வெண்மூட்டுப் பூச்சி. மாப்பூச்சி என்றும் சொல்வார்கள்.

2010 இல் கிளிநொச்சிக்குத் திரும்பிய பிறகு, தெரிந்த வீடுகளில் தடி முறித்து வாங்கி நட்டுத்தான் நான் குரோட்டன் வளர்க்கத் தொடங்கினேன். இன்று நாற்பது சாடிகள் நிற்கின்றன. பெரிய வருமானம் இல்லை. ஆனால் மகளின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. கடந்த வருடம் மாரி முடிந்து வெயில் ஏறிய நாட்களில் ஆறு சாடிகளில் இந்தப் பஞ்சைக் கண்டேன். எறும்புகள்தான் காட்டிக்கொடுத்தன. பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான நீரை வெளியேற்றும். அதைக் குடிக்க வரும் எறும்பு, பூச்சியைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகளை விரட்டிக் காவல் நிற்கும். அந்த இனிப்பு நீர் படிந்த இலையில் பிறகு கரிபோலப் பூஞ்சணம் படரும். அப்படிப்பட்ட சாடியை யார் வாங்குவார்கள்?

பக்கத்து வளவு அண்ணை மிளகாய்க்கு அடித்து மிஞ்சிய மருந்துப் போத்தலோடு வந்தார். "ஒருக்கா அடிச்சாக் காணும் பிள்ளை" என்றார். நல்ல மனதோடுதான் தந்தார். "அம்மா இதுக்குப் பக்கத்திலதான் அண்ணை படுக்கிறா, வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அம்மா மட்டும் காரணம் அல்ல. இழப்புகளைச் சுமந்த எங்கள் வீடுகளில் மனம் உடைகிற இரவுகள் வரும். அப்படியான நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சுப் போத்தல் இருக்கவே கூடாது. இலங்கையில் 1995 இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவையும் 1998 இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. அதன் பின்னான பத்து ஆண்டுகளில் தற்கொலை மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஒரு பூச்செடிக்காக அந்தப் போத்தலை வீட்டுக்குள் கொண்டுவருவானேன்?

நான் செய்தது இதுதான். முதலில் ஆறு சாடிகளையும் கிணற்றடிப் பக்கம் தள்ளி வைத்தேன். பழைய பல்துலக்கும் பிரஷைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, கவட்டுக்குக் கவட்டு பஞ்சைத் தேய்த்து எடுத்தேன். குரோட்டன் பால் கையில் பட்டால் சிலருக்குக் கடிக்கும், ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டையும் முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டு நீரில் நன்றாகக் கலக்கி, அதன் பின் மிகுதித் தண்ணீரை விடவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும். உடுப்புத் தோய்க்கும் பவுடர் இலையைக் கருக்கிவிடும், அது வேண்டாம். ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

ஒருமுறை அடித்துவிட்டு விட்டால் பயனில்லை. ஒரு பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். வளர்ந்த பூச்சியை மெழுகு காக்கும், புதிதாகப் பொரித்த குஞ்சுக்கு அந்தக் கவசம் இல்லை. அந்தக் குஞ்சைப் பிடிக்கத்தான் வாரத்துக்கு ஒருமுறை, நான்கு வாரம் அடிக்கவேண்டும். எறும்பு ஏறாமலிருக்கச் சாடிக்கடியில் தண்ணீர்த் தட்டு வைக்கச் சொல்வார்கள். டெங்கு நுளம்புக்கு அது தொட்டில் கட்டிக் கொடுப்பதுபோல. நான் சாடியைச் சுற்றி வாஸ்லின் பூசினேன், இலைகள் சுவரில் முட்டாமல் தள்ளி வைத்தேன்.

நான்கு சாடிகள் தப்பின. மற்ற இரண்டைச் சாடியிலிருந்து கழற்றிப் பார்த்தபோது வேரிலும் வெள்ளை ஒட்டியிருந்தது. அவற்றை மண்ணோடு பையில் கட்டி அகற்றினேன். வளவில் பப்பாசியும் செம்பரத்தையும் நிற்கிறவர்கள் இதில் இரக்கம் பார்க்கவேண்டாம். 2008 இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி இந்த மரங்கள் எல்லாவற்றிலும் ஏறும்.

இப்போது புதிதாக வாங்கும் எந்தச் செடியும் மூன்று வாரம் கிணற்றடியில் தனியாகத்தான் நிற்கும். அதற்குப் பிறகும் பஞ்சு தெரிந்தால் ஓர் இலையைப் பையில் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.